பழங்கற்படி காத்த பெருமாட்டி

சிதைந்த திருக்கோயிலைப் புதுக்குதல், புதியதொன்றை எடுப்பித்தலினும் சிறந்த அறம் என்பது சைவச் சான்றோர் கொள்கை. எனினும், பழையதைப் புதுக்குங்கால் முன்னோர் செய்த அறம் மறைந்துபோகாமற் காப்பது எங்ஙனம் என்னும் வினா ஒன்று உண்டு. அதற்குத் தம் திருப்பணியாலேயே விடை தந்தவர் சோழப் பெருந்தேவியாராகிய செம்பியன் மாதேவியார்.

மழவர் குலத்துதித்த இவ்வம்மையார், தில்லைக் கூத்தப்பெருமான்மீது திருவிசைப்பாப் பாடியருளிய கண்டராதித்த சோழரின் தேவியார். உத்தம சோழரின் தாயார். கணவர் ஏறத்தாழ 957-ஆம் ஆண்டிற் சிவபதம் எய்திய பின்னர், நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்து, முதலாம் இராசராசர் காலத்திலும் திருப்பணியே தம் பணியாகக் கொண்டிருந்தார்.

அந்நாளிற் சிற்றூர்த் திருக்கோயில் வழிபாட்டிற்கு மட்டும் உரிய இடமன்று. ஊர்ச்சபையார் பலவிடத்தும் கூடியது கோயில் மண்டபத்திலேயாம். நிலவிலையும், வரிநீக்கமும், நிவந்தமும் பொறிக்கப்பெற்றதும் ஆங்கேயாம். ஆகலின், கோயில் சிதைவது ஊர்ப்பொதுவே சிதைவதாகும். செங்கல்லாலும் மரத்தாலும் அமைந்த தளிகளோ, மழையாலும் மரவேராலும் விரைவில் நைவன. மாதேவியார் திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருமுதுகுன்றம் முதலிய பதிகளிற் கற்றளி எடுப்பித்தார்; திருவக்கரைத் திருப்பணி 1001-ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது.

இவற்றுள், காவிரி வடகரையிலுள்ள திருக்கோடிகாவில் நிகழ்ந்தது பெரிதும் கருதற்பாலது. இன்று இவ்வூர் திருக்கோடிக்காவல் என வழங்கும். ஆங்குப் பழைய கோயிலுக்குரிய கல்வெட்டுக் கற்கள் சிதறிக் கிடந்தன. 9-ஆம் நூற்றாண்டிற் பல்லவ மன்னர் காலத்தார் அளித்த கொடைகள் அவற்றிற் பொறிக்கப்பெற்றிருந்தன. அவற்றைக் கழித்துவிட்டுப் புதிய சுவரில் தம் பெயரை மட்டும் பொறித்திருப்பினும் தடுப்பார் இலர். அம்மையாரோ, அவ்வாசகங்களைப் புதிய கற்றளியின் சுவரில் மீளப் பொறிப்பித்து, இவை பழங்கல்லினின்று எடுத்த படி என்பதும் விளங்கக் குறிப்பித்தார்.

இது பழைமைப் பற்று மட்டுமன்று. ஒருவர் நுந்தாவிளக்கு எரிக்க 96 ஆடுகளையோ, பொன்னையோ அளித்தால், ஏற்றுக்கொண்டோர் நாள்தோறும் உழக்கு நெய்யோ, பொன்னின் பலிசைக்கு ஒத்த பொருளோ தரக் கடமைப்பட்டனர். அக்கடமைக்குச் சான்று கல்வெட்டு ஒன்றே. கல் போயிற்றெனில் கடன் கேட்பார் இல்லை, விளக்கும் அவியும். படியெடுத்தமையால், என்றோ மறைந்த கொடையாளரின் விளக்கு அணையாதிருக்க வழிபிறந்தது.

பிறர் பெயரைக் காத்த அம்மையார் தம் பெயரை முந்தச் செய்தாரும் அல்லர். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லத்துக் கற்றளியைத் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கப் பெருமானை வழிபடும் திருவுருவை ஆங்கு இன்றும் காணலாம். அத்திருப்பணியை முற்றுவித்த ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் என்பார் பெயரும் அக்கோயிற் கல்வெட்டில் நிலைபெற்றுள்ளது.

பிற்காலத் திருப்பணிகளிற் சில இந்நெறியைப் பேணவில்லை. நல்லெண்ணத்தாலேயே கோயிலை அடியோடு பிரித்துக் கட்டியபோது எழுத்துள்ள கற்கள் தளத்திலும் படியிலும் புதைந்தன. வேறு சில சுண்ணத்துள் மறைந்தன. அண்மைக் காலத்தில், மணலை விசையுடன் வீசித் தூய்மை செய்யப் புகுந்து எழுத்துத் தேய்ந்த இடங்களும் உள. 1886-ஆம் ஆண்டு முதல் அரசினர் கல்வெட்டுத் துறையார் எடுத்த மைப்படிகளாலேயே பல சாசனங்கள் அறியக் கிடக்கின்றன. படியெடுக்கு முன்னர் அழிந்தவற்றை மீட்க வழியில்லை.

ஆகலின், திருப்பணிக்குப் பொருள் வழங்கும் அன்பர்கள், கல்லைப் பெயர்ப்பதற்கு முன் அதன் எழுத்தைப் படியெடுப்பித்தலையும், பெயர்த்த கல்லை எண்ணிட்டு அவ்விடத்தே அமைத்தலையும் திருப்பணியின் முதற்கூறாகக் கொள்ளல் வேண்டும். இன்று பொறிக்கும் பெயரும் ஒருநாள் பழங்கல்லாகும். அதனைக் காப்பவர் வருவரோ என்பது, நமக்கு முன்னோர் பெயரை நாம் காத்த முறையைப் பொறுத்தது.

திருச்சிற்றம்பலம்.