பேறும் பழியும்

மகவை ஈன்றெடுப்பதைத் தமிழில் ‘பேறு’ என்கிறோம்; பெறற்கரிய நன்மைக்கும் அதுவே பெயர். அரபு மொழியில் கருப்பை ‘ரஹிம்’ எனப்படும். அருளைக் குறிக்கும் ‘ரஹ்மத்’ என்னும் சொல்லும் அதே வேரில் கிளைத்ததாகும். பிறப்பு அருட்கொடை என்பதே இரு மொழிகளும் உணர்த்தும் பொருள். ஆயினும், பெண் மகவு பிறந்த வீட்டில் அப்பேறே தாயின்மீது பழியாக விழுந்த வரலாறு நெடியது.

கருவில் தாயின் பங்கு யாது? தாய் தருவது பருப்பொருள் மட்டுமே, உருக்கொடுப்பது தந்தையின் வித்தே என்றார் அரிஸ்டாட்டில். அரபிகள் ஜாலீனூஸ் என்றழைத்த கேலனோ, இருவருக்கும் வித்துண்டு என்றார். இவ்விரு கொள்கைகளையும் அரபு மருத்துவர்கள் நெடுங்காலம் சீர்தூக்கினர். ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) திமிஷ்கில் மறைந்த இமாம் இப்னுல் கையிம், மகவு பற்றிய சட்டங்களைக் கூறும் தம் ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ நூலில் கரு வளரும் படிகளையும் ஆராய்ந்தார். பெண் மகவு பிறந்ததற்காக மனங்கசப்பதைக் கண்டிக்கவே அந்நூலில் தனி இயல் ஒன்றை அமைத்தார்.

கண்கூடான சான்றுகள் பின்னரே கிட்டின. 1677இல் லீவன்ஹூக் நுண்ணோக்கியில் விந்தணுவைக் கண்டார். 1827இல் வான் பேயர் பாலூட்டியின் சினைமுட்டையைக் கண்டறிந்தார். 1905இல் அமெரிக்கப் பெண்மணி நெட்டி ஸ்டீவன்ஸ், வண்டினம் ஒன்றை ஆராய்ந்து, ஆண் வித்தே பாலினத்தை முடிவு செய்கிறது எனக் காட்டினார். மனிதரிடத்தும் அவ்வாறே. தாயின் முட்டை எக்ஸ் குரோமோசோமையே தாங்கும். தந்தையின் அணுவில் எக்ஸும் வரலாம், ஒய்யும் வரலாம். எக்ஸ் சேரின் பெண். ஒய் சேரின் ஆண். இயல்பான கருத்தரிப்பில் இதனைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் தந்தைக்கும் இல்லை.

இவ்வுண்மை நம் ஊர்களை எட்டியதா? கல்வராயன் மலையின் ஒருபுறம் சேலம் மாவட்டம். மறுபுறம், 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி. அந்தச் சேலத்தில்தான் 1992இல் பெண் சிசுக்கொலையைத் தடுக்க அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஸ்டீவன்ஸின் கண்டுபிடிப்புக்குப் பின் 87 ஆண்டுகள் கழிந்திருந்தன! கருவிலேயே பாலறிந்து அழிப்பதைத் தடுக்க 1994இல் நாடாளுமன்றம் சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று.

இக்குறை ஓர் ஊரார்க்கோ, ஓர் இனத்தார்க்கோ மட்டும் உரியதன்று. அறியாமைக் கால அரபிகள் பெண் மகவை உயிருடன் புதைத்ததைத் திருமறை வன்மையாகக் கண்டித்தது. அம்மறையை ஓதும் நம் இல்லங்களிலும், மூன்றாவதும் பெண்ணென்று கேட்டதும் சுளிக்கும் முகங்கள் இல்லையா? அவ்வேளை தாயைக் குறை கூறுவது மார்க்கத்துக்கும் மாறு, மருத்துவத்துக்கும் மாறு.