நியூயார்க்கில் ஒரு மருந்துக்கடை

நோய் வருவது நிறம் பார்த்தன்று. ஆயினும் மருந்து கொடுக்கும் கைக்கும் அதனைப் பெறும் கைக்கும் இடையே மனிதர் எழுப்பிய சுவர்கள் பல. அத்தகைய சுவர் ஒன்றை எதிர்த்து வாழ்ந்த ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஜேம்ஸ் மக்கூன் ஸ்மித் 1813-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் அடிமையாகப் பிறந்தார். 1827 ஜூலை 4-ஆம் நாள் அம்மாநிலச் சட்டம் அடிமைகளுக்கு விடுதலை வழங்கியது. அவரும் விடுதலை பெற்றார். சட்டம் விலங்கை அவிழ்த்ததேயன்றிக் கல்லூரிக் கதவைத் திறக்கவில்லை. மருத்துவம் கற்க விரும்பிய அவ்விளைஞரை அமெரிக்கக் கல்லூரிகள் நிறத்தைக் காரணமாக்கி மறுத்தன. எனவே அவர் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்றார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1837-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்கக் கறுப்பினத்தாருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

தாயகம் திரும்பிய ஸ்மித், மன்ஹாட்டன் பகுதியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கி, மருந்துக்கடை ஒன்றையும் நிறுவினார். அமெரிக்காவில் கறுப்பினத்தார் ஒருவர் நடத்திய முதல் மருந்துக்கடை அதுவே என்பர். அங்குக் கறுப்பரும் வந்தனர், வெள்ளையரும் வந்தனர். இருவர்க்கும் ஒரே தராசு, ஒரே மருந்து. கடையின் பின்னறையிலோ, அடிமை முறையை ஒழிக்க முயன்றோர் கூடிப் பேசினர். கறுப்பின அநாதைச் சிறார் இல்லத்தின் மருத்துவராகவும் அவர் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

அநீதி சில வேளை புள்ளிவிவர வடிவிலும் வரும். 1840-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, விடுதலை பெற்ற கறுப்பரிடையே பித்து மிகுதி என்று காட்டிற்று. விடுதலை அவர்களுக்கு ஒவ்வாது என்பதற்கு அடிமை முறையினர் அதனையே சான்றாகக் கொண்டனர். ஸ்மித் அக்கணக்கைத் துருவி ஆராய்ந்தார். கறுப்பர் ஒருவரும் வாழாத ஊர்களிற்கூடக் கறுப்பினப் பித்தர்கள் இருப்பதாக எழுதப்பட்டிருந்தமையை 1844-இல் எடுத்துக்காட்டினார். நோயாளியை நேர்மையாக நடத்துதல் என்பது அவனைப் பற்றி மெய் உரைத்தலையும் உள்ளடக்கியதன்றோ?

எனினும் சக மருத்துவர்கள் அவரைச் சமமாக ஏற்கவில்லை. நியூயார்க் மருத்துவக் கழகம் 1847-இல் அவருக்கு இடமளிக்கவில்லை. 1863 ஜூலையில் மூண்ட கலகத்தில் அநாதை இல்லம் தீக்கிரையாயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட சிறார் உயிர் தப்பினர். 1865 நவம்பர் 17-ஆம் நாள் ஸ்மித் மறைந்தார். நாடெங்கும் அடிமை முறையை ஒழித்த அரசியற் சட்டத் திருத்தம் நிறைவேறியது அடுத்த டிசம்பர் 6-ஆம் நாள். அந்தப் பத்தொன்பது நாள் அவருக்குக் கிட்டவில்லை.

அவரை ஏற்காத அக்கழகம் 2018-ஆம் ஆண்டில் அவருக்கு உறுப்பினர் தகுதியை வழங்கியது. தாமதமான நீதியும் நீதிதான். ஆனால் பெற்றுக்கொள்ள வேண்டியவர் அங்கு இல்லை. மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருந்துக்கடையிலோ மருத்துவமனையிலோ பணிபுரியக்கூடும். எதிரே நிற்கும் நோயாளிக்கும் அருகே நின்று உழைக்கும் தோழருக்கும் உரிய மதிப்பை அன்றன்றே அளித்துவிடுங்கள்.