கோவிந்தூவின் ஆர்க்கிட்

நீலகிரியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சல்லிவனிலிருந்துதான் தொடங்குவர். அவர் மலையேறிய அதே 1819ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராக இந்தியாவுக்கு வந்தவர் ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். மருத்துவராக வந்தவர் தாவரவியலாளராகவே நினைவுகூரப்படுகிறார். 1842இல் அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்கும் முயற்சிக்காகக் கோயம்புத்தூரில் அமர்த்தப்பட்டார். பருத்தி எதிர்பார்த்தபடி வாய்க்கவில்லை. மலை அருகிலிருந்ததோ தாவரவியலுக்கு வாய்த்த நற்பேறு.

வைட்டின் பெருநூல் 'ஐகோனஸ் பிளாண்டாரம் இந்தியே ஓரியண்டாலிஸ்'. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுடன் வெளிவந்தது. அது அறிஞர்களுக்கானது. நமக்கு இங்கே முக்கியமானது 1846க்கும் 1851க்கும் இடையில் அவர் வெளியிட்ட 'ஸ்பிசிலீஜியம் நீல்கெரென்ஸ்'. அறுவடைக்குப் பின் வயலில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்குவதையே அந்த இலத்தீன் சொல் குறிக்கும். அடக்கமான தலைப்புதான். கையால் வண்ணமிட்ட 200க்கும் மேற்பட்ட கல்லச்சுப் படங்கள் கொண்ட இந்நூல், மலைக்கு வந்து பூக்களைக் கண்டு வியந்த சாதாரண வாசகரையும் கருத்தில் கொண்டு உருவானது. நீலகிரியின் இயற்கை குறித்த வெகுசன நூல் மரபு என ஒன்று இருந்தால், அது இங்கேதான் தொடங்குகிறது என்பேன். ஆங்கிலத்தில், அதுவும் விலை கொடுக்கத் தக்கவர்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்படங்களை வரைந்தவர் யார்? வைட் அல்லர். முதலில் ரங்கையா, 1840களின் நடுப்பகுதியிலிருந்து கோவிந்தூ என்ற இருவர். இவர்கள் தஞ்சை ஓவிய மரபோடு தொடர்புடைய தெலுங்கு ஓவியர்கள் என்பது எடின்பரோ தாவரவியலாளர் ஹென்றி நோல்ட்டியின் கருத்து. கோயிலையும் அரசவையையும் வரைந்து பழகிய மரபு, பூவைப் பிளந்து சூலகத்தையும் மகரந்தத்தையும் வரையப் பழகியது. உலர்ந்த மாதிரியில் நிறம் போய்விடும், இதழ் சுருங்கிவிடும். உயிருள்ள செடியின் முன் அமர்ந்து பார்த்த கண் ஒன்று இருந்தால்தான் அந்நூல்கள் உண்டு. வைட் இதை அறிந்திருந்தார். ஐகோனஸ் படங்களின் அடியில் ஓவியர் பெயர் அச்சாகியிருக்கிறது. அக்காலக் கம்பெனி ஓவியங்கள் பலவற்றில் வரைந்தவர் யாரென்றே தெரியாது என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய செய்தியன்று.

வைட் இன்னொன்றும் செய்தார். ஐகோனஸின் கடைசித் தொகுதியில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குத் தம் ஓவியரின் பெயரை இட்டார்: கோவிந்தூயியா நெர்வோசா. கவர்னர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் கிடைத்துவந்த மரியாதை, சம்பளத்துக்கு வரைந்த ஓர் இந்திய ஓவியருக்குக் கிடைத்தது.

ஆனால் பெயரிடும் விதி முந்தியவருக்கே சொந்தம். அதே தாவரத்தை லிண்ட்லி ஏற்கெனவே, 1833இல், விவரித்துவிட்டார். இன்று அதன் ஏற்கப்பட்ட பெயர் டிராபிடியா ஆங்குலோசா. காட்டின் தரையில் வளரும் சிறு ஆர்க்கிட் அது. கோவிந்தூயியா இப்போது இணைப்பெயர்ப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. வைட்டின் பெயரோ எக்ஸாக்கம் வைட்டியானம் என்று நீலகிரிப் புல்வெளிகளில் நீலப்பூவாக மலர்ந்துகொண்டிருக்கிறது. இதில் எவருடைய சதியும் இல்லை, விதி விதிதான். ஆயினும் மனம் ஒப்பவில்லை.

வைட்டுக்குப் பின் 1915-20இல் வந்தது சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பைசனின் நீலகிரி, பழனி மலையுச்சித் தாவரங்கள் பற்றிய நூல். அதன் கோட்டுப் படங்களில் பலவற்றை வரைந்தவர் அவர் மனைவி. மீண்டும் ஒரு பின்னணிக் கை.

ரங்கையாவையும் கோவிந்தூவையும் தலைப்பிலேயே நிறுத்திய நூல் 2007இல்தான் வந்தது. நோல்ட்டி எழுதிய மூன்று தொகுதிகள், எடின்பரோவிலிருந்து. அவ்வோவியங்களில் ஒரு பெரும்பகுதியும் அங்கேதான் இருக்கின்றன.