சேசிஸ் ஒன்று, எஞ்சின் பல

மூதூர்க் கரையில் நின்றால் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் திருகோணமலை கண்ணுக்குத் தெரியும். முன்பெல்லாம் ஆட்கள் லோஞ்சில் ஏறிக் குடாவைக் கடந்துவிடுவார்கள். நெல் மூட்டையும் மணலும் சீமெந்தும் லொறியில்தான் போயாக வேண்டும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்த லொறி கரையோர வழியில் கிண்ணியாவில் படகுப்பாதைக்குக் காத்துநின்று நீரைக் கடக்க வேண்டியிருந்தது; இல்லையென்றால் அல்லை, கந்தளாய் என்று சுற்றிப்போக வேண்டும். மாவலி கடலில் கலக்கும் இந்த வயல் பிரதேசத்தில் அறுவடைக்காலத்தில் ஒரு லொறி நின்றுபோனால், அந்த நட்டம் உரிமையாளரோடு முடிவதில்லை. பழைய லொறியின் எஞ்சினையும் கியர் பொக்ஸையும் கழற்றிவிட்டு வேறொரு கம்பனியின் எஞ்சினை ஏற்றும் தொழிலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். வறுமையில் செய்யும் ஒட்டுவேலை என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். இறக்குமதிக் கொள்கையும் எரிபொருள் விலையும் ஒவ்வொரு முறை மாறியபோதும் உழைக்கும் மக்கள் கணக்குப் பார்த்துக் கொடுத்த பதில் அது என்பதே என் வாதம்.

இந்தப் பழக்கம் நம் கராஜ்களில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் பீற்றர்பரோவில் 1932இல் தொடங்கிய பேர்கின்ஸ் நிறுவனம், 1937இல் பி6 என்ற ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சினை வெளியிட்டது. பெற்றோல் எஞ்சினோடு வந்த லொறிகளில் அதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டுவது அந்நிறுவனத்தின் வியாபாரத்தில் ஒரு பெரும் பங்கு. அதற்கு வேண்டிய தாங்கிகளையும் இணைப்புத் தட்டுகளையும் அதுவே சேர்த்து விற்றது. இலங்கை வீதிகளில் நிறைந்திருந்த பெட்போர்ட் லொறிகளுக்கு அந்தக் கம்பனியின் சொந்த டீசல் எஞ்சின் 1957இல்தான் வந்தது. அதற்கு முன் டீசல் வேண்டியவருக்குப் பேர்கின்ஸ்தான் வழி. அக்கரையில் சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பனி 1950களில் இதே பி6ஐ உற்பத்தி செய்யத் தொடங்கியது. அந்த எஞ்சின்கள் இந்தியாவின் பழைய பெற்றோல் லொறிகள் பலவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தன. ஆக, எஞ்சின் மாற்றம் அதன் முதற்கட்டத்தில் பெரிய தொழிற்சாலைகளே முன்னின்று செய்த, மதிப்புள்ள பொறியியல் வேலை.

இரண்டாம் கட்டத்தை இலங்கையின் பொருளாதாரமே எழுதியது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறியது. புதிய லொறி கிடைக்காது, பழைய பெற்றோல் லொறியை ஓட்டிக் கட்டாது என்ற நிலையில் பலர் அகப்பட்டுக்கொண்டார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் ஜப்பானின் பாவித்த வாகனங்களும் எஞ்சின்களும் வந்திறங்கின. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகள் இசுசு எல்ஃப், மிற்சுபிசி கன்ரர் லொறிகளின் எஞ்சின்களை கியர் பொக்ஸோடு சேர்த்தே விற்றன. ஜப்பானின் கட்டாய வாகனப் பரிசோதனை பழைய வண்டியை வைத்திருப்பதை அங்கே செலவான காரியமாக்கியிருந்தது. 1992இலும் 2001இலும் வந்த புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும், 2003இல் தோக்கியோ டீசல் லொறிகளுக்கு விதித்த கட்டுப்பாடும் நல்ல நிலையில் இருந்த எஞ்சின்களையே நாட்டைவிட்டுத் தள்ளின.

வேலையின் நுட்பத்தைப் பார்த்தால்தான் அது எவ்வளவு அறிவைக் கேட்கிறது என்று புரியும். பழைய பெட்போர்ட் பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 சுற்று ஓடும். பி6 ஏறக்குறைய 2,400இல் நின்றுவிடும். பின் அச்சின் பல்விகிதத்தை மாற்றாமல் பி6ஐ ஏற்றினால் இழுவை இருக்கும், வேகம் குறையும். பிற்கால ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் வேகமாகச் சுழல்வதால் அந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. வேறு சிக்கல்கள் முளைத்தன. ஜப்பானிய லொறிகளின் மின்சாரம் 24 வோல்ற், பெட்போர்ட் 12 வோல்ற். ஸ்ராட்டர் முதல் விளக்குவரை எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்த வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் முட்டாதபடி தாங்கிகளைப் பொருத்த வேண்டும். கியர் பொக்ஸின் நீளம் மாறுவதால் புறப்பெல்லர் சாஃப்ற்றை வெட்டி ஒட்டி, லேத்தில் ஏற்றிக் கோணல் பார்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஓட்டத்தில் அதிர்ந்து மூட்டுகளைத் தின்றுவிடும்.

பாதுகாப்பு என்னாவது என்ற கேள்வி நியாயமானது. மிக ஆபத்தான இடம் பிரேக். பெற்றோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடமே பழைய லொறியின் பிரேக்குக்கு உதவிவிசை தரும். டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் உண்டாவதில்லை. தனியாக ஒரு பம்ப் வேண்டும். அதை மறந்தவன் பாரம் ஏற்றிய லொறியைப் பள்ளத்தில் நிறுத்த முடியாமல் தவிப்பான். ஜப்பானிய எஞ்சின்கள் பலவற்றில் அந்தப் பம்ப் ஒல்ரனேற்றரோடு சேர்ந்தே வருவதால், விஷயம் தெரிந்த மெக்கானிக் எஞ்சின் வாங்கும்போதே அது இருக்கிறதா என்று பார்ப்பார். அதைப் பார்க்கத் தெரியாதவரும் இதே வேலையைச் செய்கிறார் என்பதுதான் உண்மையான குறை. தேர்ச்சியைச் சோதித்து அங்கீகரிக்க ஒரு முறை வேண்டும் என்பதற்கு அது காரணம். தொழிலையே தடுப்பதற்குக் காரணமாகாது.

புகையைப் பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. தோக்கியோ தன் காற்றுக்கு ஆகாதென்று தள்ளியதை நம் பிள்ளைகள் ஏன் சுவாசிக்க வேண்டும்? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் தேய்ந்துபோன பழைய எஞ்சினைவிட, ஒழுங்காகப் பராமரித்து எரிபொருளைச் செலுத்தும் ஊசி பம்பைச் சரியாக வைத்த எஞ்சின் குறைவாகவே புகைக்கும். அடுத்ததாக, புதிய லொறி வாங்கலாமே என்பவர்களுக்கு அண்மைய வரலாறே பதில் சொல்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்தே மீளத் திறந்தது. இடையில் 2022இல் நாடு கடனைக் கட்ட முடியாமல் நின்றது. எரிபொருள் கியூஆர் அட்டைக்கு வந்தது. கையில் காசு வைத்திருந்தவருக்கும் அப்போது புதிய லொறி இல்லை. மூதூருக்கு இந்த அனுபவம் புதிதல்ல. போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளையும் தட்டுப்பாட்டையும் கண்ட ஊர் அது; 2006 ஆகஸ்டில் மூட்டை முடிச்சோடு கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் ஓடித் திரும்பி வந்த ஊர். இருப்பதைக் கொண்டு ஓடவைக்கத் தெரிந்த கைகள் அப்படிப்பட்ட ஊருக்கு அடிப்படைத் தேவை.

இந்தத் தொழிலுக்கு ஏடுகள் இல்லை, அதனால் வரலாறும் இல்லை என்று ஒருவர் சொல்லலாம். வாகனப் பதிவுப் புத்தகமே அதன் ஏடு. சேசிஸ் இலக்கம் அப்படியே நிற்க, எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாறிய இடத்தில் ஒரு காலத்தின் விலைவாசியும் கொள்கையும் பதிவாகிக் கிடக்கின்றன. எஞ்சின் மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே உண்டு. இலக்கத்தைப் பதிவதோடு நிற்காமல் பிரேக், தாங்கி, சாஃப்ற் மூன்றையும் சோதித்துச் சான்று கொடுத்தால், தொழிற்பயிற்சி நிலையங்கள் இதைப் பாடமாகவே கற்பித்தால், கராஜ்களில் வாய்மொழியாக நிற்கும் அறிவு பொதுச் சொத்தாகும். அடுத்த முறை இறக்குமதிக் கதவு மூடப்படும்போது இந்த நாட்டின் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுசேர்க்கப்போவது அந்த அறிவுதான்.