எழுத்துரு மாறினால் எழுத்தே மாறிய காலம்

ஸ்ரீ கெம்பாங்கானில் இருந்துகொண்டு நான் திறந்து பார்க்கும் பழைய சிறுகதைக் கோப்புகளில், தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஆங்கில எழுத்துகள் வந்து நிற்பதுண்டு. கெட்டுப்போச்சுன்னு அழிச்சிடாதீங்க. கதை உள்ளேதான் இருக்கு. அதற்குரிய எழுத்துருதான் நம் கணினியில் இல்லை.

1985இல் நம் நாட்டு முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். பிறகு பலரும் எழுத்துருக்கள் செய்தார்கள். கணினி அன்று தந்ததோ 256 இடங்கள்தான். அதில் தமிழை அவரவர் வசதிப்படி உட்கார வைத்தார்கள். அதனால் வேர்டில் எழுத்துருவை மாற்றினால் எழுத்தே மாறிப்போனது. 1999 சென்னைத் தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த தரமும் ஒன்றல்ல. டாம், டாப் என இரண்டு!

யூனிகோடில் 1991 முதலே தமிழுக்குத் தனி இடம் உண்டு. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்த பிறகு அது மெல்லப் புழக்கத்துக்கு வந்தது. இன்று நிர்மலாவோ இணைமதியோ, எதை வைத்தாலும் 'அ' 'அ'வாகவே இருக்கும்.

பழைய கோப்பில் வேர்டின் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர் தெரிந்தால்தான் எந்தக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுவது என்று தெரியும். அவசரப்பட்டு எழுத்துருவை மாற்றிச் சேமித்துவிட்டால், அந்தத் தடயமும் போயிடும். தொண்ணூறுகளில் கணினியில் எழுதிய நம்மாட்களின் கதைகள் பல இப்படித்தான் காத்துக்கிடக்கின்றன.