கப்பலில் வந்த தூரம்



"எங்க தாத்தா ஊரு எவ்வளவு தூரம், சார்?" என்று கம்போங் ராஜாவில் ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்குத் தூரக் கணக்கு ஒன்று, காலக் கணக்கு ஒன்று என இரண்டு விடைகள் உண்டு.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குத் தீவுக்குச் சுமார் 2,350 கிலோமீட்டர். சென்னையிலிருந்தும் ஏறக்குறைய அவ்வளவுதான். அன்றும் இன்றும் இந்தத் தூரம் மாறவில்லை. மாறியது காலம்.

நம் பெரியோர் பலரை ஏற்றி வந்த 'ரஜுலா' கப்பல் 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆட்களை ஏற்றி, வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்கை அடையும். மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நாகையிலிருந்து 107 மணி நேரம், அதாவது நான்கரை நாள். துறைமுகங்களில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் பயணம் ஒரு வாரத்தை நெருங்கும். ஏழைகளுக்குக் கிடைத்த இடம் கப்பலின் தளம். பாயை விரித்தால் அதுவே வீடு. கரையைக் கண்ட பிறகும் பயணம் முடிந்துவிடாது. தொற்றுநோய்க்கு அஞ்சி, பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் பலரைத் தடுத்து வைத்த பின்னரே தோட்டத்துக்கு அனுப்பினார்கள்.

ஆனால் நம்மவரைப் பிரித்தது கடல் மட்டுமல்ல. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது ஏராளமானோரைத் திருப்பி அனுப்பினார்கள். 1938இல் தொழிலாளர் இங்கு வருவதற்கு இந்திய அரசு தடை விதித்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. தாய் இறந்த செய்தி மகனுக்கு எட்டாத காலம் அது. வருவதும் போவதும் தொழிலாளியின் கையில் இருந்ததில்லை.

ரஜுலா 1973இல் விற்கப்பட்டது. அதன் பின் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அத்துடன் அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றது.

இன்று ஆகாய விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. 2024 டிசம்பரில் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானச் சேவை தொடங்கியது. ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய நாலு மணி நேரப் பயணம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. சென்னையில் நள்ளிரவு 12 மணிக்குப் புறப்பட்டால் பினாங்கில் இறங்கும்போது காலை ஆறரை ஆகியிருக்கும். கடிகாரம் ஆறரை மணி நேரம் காட்டினாலும் பறந்தது நாலு மணி நேரமே.

வழி இவ்வளவு குறுகிவிட்டது. ஆனால், போய்ச் சேர வேண்டிய ஊர் எது? பல வீடுகளில் அந்த ஊரின் பெயரே மறந்துவிட்டது. விமானம் சென்னைவரை கொண்டுபோய் விடும். அங்கிருந்து தாத்தாவின் தெருவுக்கு வழிகாட்ட, பாட்டியின் நினைவைத் தவிர வேறு துணை இல்லை.

ஆகவே பிள்ளைகளே, இன்று இரவே வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊர், எந்தத் தாலுக்கா, எந்த ஆண்டு, எந்தக் கப்பல் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவர்கள் சொல்லாமல் போய்விட்டால், அந்தத் தூரத்தை எந்த விமானத்தாலும் கடக்க முடியாது.