ஒரு சொல்லுக்கு அஞ்சிய மன்றம்

1794ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள். பாரிஸ் நகரத்துத் துய்லெரி அரண்மனை. மன்னர்கள் ஆடிக் களித்த மாளிகையிலே மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் அமர்ந்திருக்கின்றனர். தேசிய கன்வென்ஷன் என்று பெயர் அந்த மன்றத்துக்கு. மன்னன் பதினாறாம் லூயி இல்லை. ஓராண்டுக்கு முன்பே அவன் தலை கில்லட்டின் கூடையில் விழுந்துவிட்டது. பிரபுக்களின் பட்டங்கள் இல்லை. குருமார்கள் உழவனிடம் பறித்த தசமபாகம் இல்லை. எல்லாக் கொடுமையும் போயிற்று என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் போகாத ஒன்று இருந்தது.

அன்று உறுப்பினர் வரிசையிலே புதியவர் மூவர் இருந்தனர். கரீபியக் கடலிலே பிரான்சு ஆண்டுவந்த சான் தொமாங்—இன்று ஹெய்தி என்று நாம் அழைக்கும் நாடு—அனுப்பிய பிரதிநிதிகள். துஃபே, வெள்ளையர். மில்ஸ், கலப்பினத்தவர். மூன்றாமவர் ழான் பத்தீஸ்து பெல்லே, கறுப்பர். ஆப்பிரிக்கக் கரையோரத்துக் கொரே தீவில் பிறந்ததாகத் தம்மைப் பற்றிச் சொன்னவர். பிள்ளைப் பருவத்திலேயே கப்பலேற்றி விற்கப்பட்டவர். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தம்மைத் தாமே விலைக்கு வாங்கிக்கொண்டவர். ஆம், தம்மைத் தாமே! தன் கையும் காலும் தனக்குச் சொந்தமாவதற்கு ஒரு மனிதன் விலை கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த நாளின் நடவடிக்கையை வகுப்பிலே சொல்லும்போது மாணவன் ஒருவன் கேட்டான்: "மனிதர் அனைவரும் உரிமையில் சமம் என்று 1789லேயே பிரகடனம் செய்துவிட்டார்களே ஐயா! பிறகு 1794 வரை எதற்காகக் காத்திருந்தார்கள்?" கேள்வி கூர்மையானது. புரட்சியைப் போற்றிப் பேசும் நம்மில் பலர் அதைக் கேட்பதில்லை.

சான் தொமாங்கிலே ஏறத்தாழ 5 இலட்சம் அடிமைகள். அவர்களை ஆட்டிப்படைத்த வெள்ளையரோ ஏறத்தாழ 30,000 பேர். ஐரோப்பியச் சீமான்கள் பருகிய காப்பியில் பாதிக்கு மேல் அந்த ஒரு தீவுப் பகுதியிலிருந்து போயிற்று. சர்க்கரையோ கணக்கில் அடங்காது. 1685இல் பதினான்காம் லூயி பிறப்பித்த 'கறுப்புச் சட்டம்' அங்கே ஆட்சி செலுத்திற்று. அடிமைகள் அனைவருக்கும் கத்தோலிக்க முறைப்படி ஞானஸ்நானம் செய்விக்க வேண்டும் என்று அதன் தொடக்க விதிகளுள் ஒன்று கூறுகிறது. 44ஆம் விதியோ அடிமைகள் அசையும் சொத்து என்கிறது. மோட்சத்துக்குப் போக ஆன்மா உண்டு. சந்தைக்குப் போகையில் மட்டும் நாற்காலிக்கும் மேசைக்கும் சமம்! ஒரு மாதம் ஓடி ஒளிந்தவனுக்குக் காதுகள் அறுக்கப்படும், தோளிலே அரச முத்திரையாம் லில்லி மலர் பழுக்கக் காய்ச்சிச் சுடப்படும். மறுமுறை ஓடினால் பின்தொடை நரம்பு அறுக்கப்படும். மூன்றாம் முறை மரணம்.

இவ்வளவும் தெரிந்துதான் 1789இல் வெர்சாயிலே மன்றம் கூடிற்று. தோட்ட முதலாளிகள் வந்தனர். தங்கள் தீவின் மக்கள்தொகைக்கேற்ப இடம் வேண்டும் என்றனர். எந்த மக்கள்தொகை? அடிமைகளையும் சேர்த்த தொகை! மிராபோ எழுந்து மடக்கினார்: அடிமைகள் மனிதர்கள் என்றால் அவர்களை விடுவித்து வாக்குரிமை கொடுங்கள், மனிதர்கள் அல்லர் என்றால், எங்கள் நாட்டுக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் எண்ணியா நாங்கள் இங்கே வந்திருக்கிறோம் என்று. மன்றம் நகைத்திருக்கும். நகைத்துவிட்டு என்ன செய்தது? முதலாளிகளுக்கு 6 இடங்களை வழங்கிற்று. அடுத்த ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர்தம் உடைமைகளுக்குப் பாதுகாப்பும் அளித்தது.

1791 மே 13ஆம் நாள் நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. குடியேற்ற நாடுகளின் அடிமைகள் பற்றி அங்குள்ள சபைகள் தாமாகக் கேட்டாலன்றிப் பிரெஞ்சு மன்றம் எச்சட்டமும் இயற்றாது என்ற தீர்மானம் வந்தது. அதாவது, எசமானன் கேட்டுக்கொண்டால் அடிமையை விடுவிப்பார்களாம். ஓநாய் மனுப்போட்டால் ஆட்டுக்கு விடுதலை! அத்தீர்மானத்திலே 'அடிமைகள்' என்ற சொல் இருந்தது. ரொபஸ்பியர் குமுறி எழுந்தார். அச்சொல்லைச் சட்டத்தில் எழுதுவது உங்களுக்கே மானக்கேடு என்று இடித்துரைத்தார். உடனே முதலாளிகளின் பிரதிநிதி இறங்கிவந்தார். சொல்தானே இடைஞ்சல்? எடுத்துவிடுவோம் என்றார். 'அடிமைகள்' போய், 'விடுதலை பெறாத ஆட்கள்' வந்தது. தீர்மானம் நிறைவேறிற்று. சவுக்கு அதே சவுக்குதான். சங்கிலி அதே சங்கிலிதான். நாகரிகம் மிக்க அந்த மன்றத்தின் காதுக்கு மட்டும் நோவு நீங்கிற்று.

நான்கு திங்கள் கழியவில்லை. 1791 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு சான் தொமாங்கின் வடபகுதிக் கரும்புத் தோட்டங்கள் தீப்பற்றி எரிந்தன. ஆயிரமாயிரமாக அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கரும்பு வெட்டிய கத்திகள்தாம் அவர்களுக்குப் படைக்கலம். அடக்குவதற்காகப் பிரான்சு அனுப்பிய படைகளைக் காய்ச்சலும் போரும் தின்றன. 1793இல் பிரான்சோடு போரில் இறங்கிய இங்கிலாந்தும் ஸ்பெயினும் அந்தத் தீவையும் விழுங்கப் பார்த்தன. அவ்வாண்டு சூன் திங்களில் வெள்ளையர் சிலரே குடியரசின் ஆணையர்களுக்கு எதிராகக் கப்பற்படையோடு கிளம்பினர். ஆணையர்களான சோந்தோனாவும் பொல்வரெலும் யாரிடம் கைநீட்டினர்? கிளர்ந்தெழுந்த கறுப்பர்களிடம்! எங்களுக்காகப் போரிடுவோர்க்கு விடுதலை என்றனர். அவர்கள் வந்தனர், நகரம் மீட்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 29இல் சோந்தோனா வடபகுதி அடிமைகள் அனைவருக்கும் விடுதலை அறிவித்தார். பாரிசைக் கேட்காமலே அறிவித்தார். கேட்டிருந்தால் எந்தச் சொல்லை எடுக்கலாம், எந்தச் சொல்லைச் சேர்க்கலாம் என்று இன்னும் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

அந்த அறிவிப்பை மன்றத்தில் விளக்கத்தான் மூவரும் புறப்பட்டனர். வழியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலே, தப்பியோடிக் குடியேறியிருந்த தோட்டக்காரர்கள் சூழ்ந்து தாக்கினர். பாரிஸ் சேர்ந்தபின், முதலாளிகளின் சூழ்ச்சியால் சிறையும் சில நாள் கண்டனர். பிப்ரவரி 3ஆம் நாள் மன்றம் அவர்களை ஏற்றது. பட்டத்தின் பிரபுத்துவம் ஒழிந்தது, குருமாரின் பிரபுத்துவம் ஒழிந்தது, இன்று தோலின் பிரபுத்துவமும் ஒழிந்தது என்று கம்புலா என்னும் உறுப்பினர் முழங்கினார். தலைவர் அவர்களைத் தழுவி முத்தமிட்டு அமரச் செய்தார்.

மறுநாள் துஃபே எழுந்தார். நெடும்பேச்சு. சான் தொமாங்கில் நடந்தவற்றையெல்லாம் அடுக்கினார். அன்னையை இழிவுபடுத்தினர், ஆண்டவன் ஒறுப்பான் என்றெல்லாம் கண்ணீர் வரவழைக்கும் பேச்சன்று, கணக்குப் பேச்சு. கறுப்பரை விடுவித்தால் குடியரசுக்குப் படைவீரர் கிடைப்பர், மறுத்தால் ஆங்கிலேயன் கைக்குத் தீவு போகும் என்ற கணக்கு. அவர் அமர்ந்ததும் லெவாசர் எழுந்து, அரசமைப்பை வகுத்தபோது இந்த மக்களை நாம் எண்ணிப் பார்க்கவில்லை, வருங்காலம் நம்மைப் பழிக்கும், அடிமைத்தனத்தை ஒழிப்போம் என்றார். மேலும் விவாதித்து மன்றம் தன்னைத் தானே இழிவுபடுத்திக்கொள்ள விடாதீர் என்று லக்ருவா தலைவரைக் கேட்டுக்கொண்டார். மன்றம் முழுதும் எழுந்து நின்றது. வாக்குப் பெட்டி இல்லை, எண்ணிக்கை இல்லை. ஆரவாரமே வாக்கு. தலைவர் முடிவை அறிவித்தார்.

பார்வையாளர் மாடத்திலே கறுப்பினப் பெண் ஒருத்தி இருந்தாள். நாள்தோறும் மன்றத்துக்கு வந்து நடவடிக்கைகளைக் கேட்பவள். முடிவு அறிவிக்கப்பட்டதும் மகிழ்ச்சி தாங்காமல் மயங்கி வீழ்ந்தாள். கம்போன் என்னும் உறுப்பினர் இதை எடுத்துரைத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதிய வேண்டும், அவளை உள்ளே அழைத்து அமரச் செய்ய வேண்டும் என்றார். தலைவரின் இடப்பக்கம், முதல் வரிசையில் அவள் அமர்ந்தாள், கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். சான் தொமாங்கின் முதலாளிகள் வழக்காடி 6 இடங்களைப் பெற்ற அதே பிரான்சிலே, வழக்காடாமல் ஓர் இடம் அவளுக்குக் கிடைத்தது. ஒரு பிற்பகலுக்குத்தான்.

ஆரவாரம் அடங்கியபின் சட்டவாசகம் எழுதப்படவேண்டும். அங்கே மீண்டும் தலைகாட்டிற்று பழைய நோய். 'அடிமைத்தனம்' என்ற சொல் இருக்கலாமா? ஆனால் இந்த முறை மன்றம் ஏமாறவில்லை. சொல்லை மறைத்தால், நீங்கள் ஒழித்தது இதையன்று, வேறொன்றை என்று நாளை வாதாடுவர். ஆகவே சொல் இருந்தே தீரவேண்டும் என்ற கருத்து வென்றது. குடியேற்ற நாடுகள் அனைத்திலும் கறுப்பரின் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டது, அங்கே வாழும் மனிதர் அனைவரும் நிற வேறுபாடின்றிப் பிரெஞ்சுக் குடிமக்கள் என்று எழுதினர். ஒரே வாக்கியத்தில் விடுதலையும் குடியுரிமையும்! எசமானர்களுக்கு இழப்பீடு ஒரு காசும் இல்லை. 1833இல் இங்கிலாந்து அடிமைத்தனத்தை ஒழித்தபோது 2 கோடி பவுன் இழப்பீடு தந்தது—அடிமைகளுக்கன்று, எசமானர்களுக்கு! அதனோடு ஒப்பிட்டால்தான் 1794இன் துணிவு விளங்கும்.

துணிவு மட்டுமா? தாந்தோன் அன்று பேசியதைப் பாருங்கள். உலகுக்கே விடுதலையை அறிவிக்கிறோம் என்று விம்மியவர், இனி ஆங்கிலேயன் ஒழிந்தான் என்றும் மகிழ்ந்தார். அறமும் இருந்தது, ஆதாயமும் இருந்தது. இரண்டில் எது அவர்களை எழுப்பி நிறுத்திற்று? ஐந்தாண்டுகளாக அறம் இருந்தும் மன்றம் அமர்ந்தே இருந்ததை எண்ணினால், எழுப்பியது மன்றத்துக்குள் இருந்த எதுவுமன்று, கரும்புக் காட்டிலே எரிந்த தீ என்றுதான் நான் சொல்வேன்.

சட்டம் கப்பலேறிற்று. குவாதலூப்புக்குப் போயிற்று; நடைமுறைக்கும் வந்தது. இந்துமாக் கடலுக்கும் வந்தது. இன்று மொரீசியசு எனப்படும் பிரெஞ்சுத் தீவுக்கு 1796இல் பாக்கோ, புர்னெல் என்ற ஆணையர் இருவர் சட்டத்தோடு வந்திறங்கினர். தோட்டக்காரர்கள் சில நாள்களிலேயே அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றித் துரத்திவிட்டனர். அத்தீவின் அடிமைகளுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொணரப்பட்டவர்கள். ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழரும் அவர்களிடையே இருந்தனர். பாரிசில் ஆரவாரத்தோடு எழுதப்பட்ட குடியுரிமை, துறைமுகத்திலேயே தடுத்து நிறுத்தப்பட்டதால், அவர்களை எட்டவே இல்லை.

1802 மே 20. மீண்டும் பாரிஸ், மீண்டும் ஒரு மன்றம். இப்போது நாட்டை ஆள்பவர் நெப்போலியன் போனபார்ட். பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்த தீவுகளில், 1789க்கு முன்பிருந்த சட்டங்களின்படி அடிமைத்தனம் நீடிக்கும் என்று எழுதினர். இந்த முறை எவருக்கும் அந்தச் சொல்லைப் பற்றிக் கூச்சமில்லை. எண்ணி வாக்களித்தனர்: சட்டமன்றத்தில் ஆதரவு 211, எதிர்ப்பு 63. ஒரு வாரம் கழித்து, மே 28இல், குவாதலூப்பிலே தெல்கிரேயும் தோழர்களும் மாத்தூபா மலைச்சரிவில் நெருங்கிவந்த பிரெஞ்சுப் படையிடம் சரணடையாமல், வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். அத்தீவில் சங்கிலி திரும்ப வந்தது. 1848 ஏப்ரல் 27 வரை இருந்தது.

சான் தொமாங்கிலே மட்டும் முடியவில்லை. துசேன் லூவெர்த்துயூரை வஞ்சகமாகப் பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோயினர். 1803 ஏப்ரலில் குளிர்மலைக் கோட்டைச் சிறையில் அவர் மாண்டார். அவர் வழிவந்தவர்கள் நெப்போலியன் படையைக் கடலுக்குத் துரத்தி, 1804 சனவரி முதல் நாள் ஹெய்தி என்ற நாட்டை அறிவித்தனர். மன்றத்திலே அமர்ந்த முதல் கறுப்பர் பெல்லேயோ அதைக் காணவில்லை. 1802இல் கைது செய்யப்பட்டு, பிரான்சின் பெல்-ஈல் தீவுக்கு அனுப்பப்பட்டு, 1805இல் அங்கேயே மறைந்தார். ழிரோதே என்னும் ஓவியர் 1797இல் தீட்டிய அவருடைய ஓவியம் வெர்சாய் மாளிகையில் இருக்கிறது. மூவண்ணக் கச்சை இடையிலே, பார்வை எங்கோ தொலைவிலே.

ஹெய்தியை 1825இல் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் சூழ்ந்து நின்றன. விடுதலையை ஒப்புக்கொள்கிறோம், இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்கு கொடு என்றான் மன்னன் பத்தாம் சார்லசு. இழந்த சொத்துள் மனிதர்களும் அடக்கம். 1838இல் அத்தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டுவதற்கென்று ஹெய்தி வாங்கிய கடன், வட்டிக்கு மேல் வட்டியாக, 1947ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது.